வாசகர் கேள்வி – பதில்: காட்டுக்குள் போகும் முன் கைக்கு வரவேண்டியவை

கேள்வி: விலங்கியல் பட்டம் முடித்திருக்கிறேன். புலிகள் காப்பகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர ஆசை. காட்டுக்குள் அனுமதி கிடைக்காத நிலையில் களப்பணியை எங்கே பழகுவது? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஒரு தென்னந்தோப்பு போதும். மான், காட்டுமாடு போன்றவற்றின் அடர்த்தியைக் கணிக்க ‘லைன் டிரான்செக்ட்’ முறை பயன்படுகிறது. பெரும்பாலும் 2 கி.மீ. நேர்கோட்டில் அதிகாலையில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். கூட்டம் கண்ணில் பட்டதும் எண்ணிக்கை, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அதன் தூரம், நடைக்கோட்டிலிருந்து அது இருக்கும் கோணம் மூன்றையும் குறிக்க வேண்டும். தூரத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், கோட்டிலிருந்து விலங்கு எவ்வளவு விலகி நின்றது என்று தெரியும். 60 மீட்டர், 30 டிகிரி என்றால் விலகல் 30 மீட்டர்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 47 மீட்டரை 50 என்றும், 8 டிகிரியைச் சுழியம் என்றும் எழுதிவிடுவார்கள். கோணம் சுழியமானால் விலகலும் சுழியம். அப்படிப் பல பதிவுகள் சேர்ந்தால், கோட்டை ஒட்டியே விலங்குகள் குவிந்திருப்பதாகக் கணக்கு காட்டும்; காட்டில் இல்லாத மான்கள் அதில் முளைத்துவிடும்.

தோப்பில் 100 மீட்டர் கயிற்றை நேராகக் கட்டுங்கள். நண்பரை விட்டு இருபது துணித்துண்டுகளை ஆங்காங்கே மறைவாகக் கட்டச் சொல்லுங்கள். முதலில் கண்மதிப்பு, பிறகு லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் (ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் கருவி), கடைசியில் டேப். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் உங்கள் கண் எந்தப் பக்கம் தவறுகிறது என்று புரியும். லேசர் முன்னால் இருக்கும் புல்லில் பட்டுக் குறைத்துக் காட்டும். விலங்கை ஒட்டிய மரத்தண்டைக் குறிவையுங்கள். மான் ஓடிவிட்டால், முதலில் நின்ற இடத்துக்கே அளக்க வேண்டும். கூட்டமென்றால் அதன் நடுவுக்கு.

காம்பஸ் பார்க்கும்போது செல்போனும் சாவிக்கொத்தும் தள்ளியிருக்கட்டும். கோட்டின் திசை 350, மான் நின்ற திசை 20 என்றால் வித்தியாசம் 30 டிகிரி, 330 அல்ல. களைப்பான நேரத்தில் இந்தக் கழித்தல்தான் தப்பும். அதனால் இரண்டு திசைகளையும் அப்படியே எழுதிவையுங்கள், கழித்தலை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

முறையாகப் படிக்க மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள், அதை விடாதீர்கள்.

கேள்வி: கல்லூரி வளாகத்தில் கீரிக்காகத் தானியங்கிக் கேமரா வைத்தோம். படமெல்லாம் வெறும் புல். ஏன்? – வாசகர், திருச்சி

பதில்: அந்த சென்சார் பார்ப்பது, சுற்றுப்புறத்தைவிடச் சூடு மாறுபட்ட ஒன்று நகர்வதை. வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலே படம் எடுத்துவிடும். முன்னால் 3, 4 மீட்டருக்குப் புல்லை வெட்டுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்து வைக்காதீர்கள். வடக்கு அல்லது தெற்கு நல்லது. புலிக்கு முழங்கால் உயரம், சுமார் 40–50 செ.மீ. சரி. கீரிக்கு அதில் பாதி போதும். குறுக்கே போகும் விலங்கை சென்சார் சட்டென்று பிடிக்கும், நேராக வருவதைத் தாமதமாகத்தான் உணரும். ஆகவே பாதை நீளத்துக்குப் பார்க்க வைக்காமல் குறுக்காகப் பார்க்க வையுங்கள். வைத்ததும் ஒருவர் தவழ்ந்து கடந்து சோதிக்க வேண்டும்.

புலி ஆய்வில் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். புலியை அடையாளம் காண்பது உடல் வரிகளை வைத்துத்தான்; ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுக்காதபடி சற்று விலக்கிப் பொருத்த வேண்டும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். தேதி தவறிய படம் ஆய்வுக்கு உதவாது.

கேள்வி: காலடித் தடத்தை அச்செடுப்பது எப்படி? – வாசகர், கூடலூர்

பதில்: காப்பகத்துக்குள் என்றால் முதலில் வனத்துறை அனுமதி. தடத்தைச் சுற்றி 5 செ.மீ. உயர அட்டை வளையம் வையுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவிக் கலக்க வேண்டும். மாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தோசைமாவுப் பதம் வந்ததும் ஓரத்திலிருந்து ஊற்றுங்கள். தடத்தின் நடுவில் கொட்டினால் விளிம்பு சிதையும். அரை மணி நேரம் கழித்து எடுக்கலாம், மறுநாள் வரை கழுவ வேண்டாம். இறுகுவதற்குள் முதுகுப் பக்கத்தில் தேதி, இடம், முன்னங்காலா பின்னங்காலா, மண் ஈரமா புழுதியா என்று குச்சியால் கீறிவிடுங்கள். ஈரச் சேற்றில் அதே விலங்கின் தடம் பெரிதாகத் தெரியும்.