பாஸ்போர்ட்டில் சர்நேம் கேட்கிறார்கள், எங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே?

மகன் மாதேஷ், நீங்கள் திம்மராயன், உங்கள் அப்பா நஞ்சப்பன், ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சர்நேம் இல்லாதது குறையே இல்லை. நம் பக்கம் பெரும்பாலோருக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லி 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாயிற்று. பிரவுசிங் சென்டரில் 'கவுண்டர்னு போட்டுடுங்க, ரெட்டின்னு போட்டுடுங்க' என்பார்கள், கேட்காதீர்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இல்லாத ஒன்றைச் சேர்த்தால் மற்ற ஆவணங்கள் எல்லாம் இடிக்கும். 'இனிஷியல் என்றாலே அப்பா பெயர்தானா' என்று யாராவது வருவார்கள்: இல்லை. ஓசூர்ப் பக்கத் தெலுங்குக் குடும்பங்களில் 'இண்டிபேரு' என்ற வீட்டுப் பெயர் முன்னால் வரும். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் 'சி' கூட சக்கரவர்த்தி என்ற குடும்பப் பெயர்தான்.

பெயர்களுக்கு வருவோம். மாதேஷ், மாதையன், மாதப்பன், மாதம்மாள் எல்லாம் மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர்கள். 'மாது என்றால் பெண்' என்று விளக்கம் சொல்வது அபத்தம். மகாதேவன் கன்னட வாயில் மாதேவா, மாதப்பா ஆனான். மாதவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இவன் சிவன். நஞ்சப்பன் நஞ்சன்கூட்டு நஞ்சுண்டேஸ்வரர், அதாவது நஞ்சை உண்டவர். திம்மராயனில் வரும் திம்மப்பன் திருப்பதி வெங்கடாசலபதி, 'ராயன்' அரசன். ஒரே வீட்டில் இரண்டு சைவப் பெயருக்கு நடுவே ஒரு பெருமாள் பெயர் இருப்பது இங்கே சாதாரணம். கன்னட வாடைக்கும் காரணம் உண்டு: ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. 'அப்பன்', 'அய்யன்' மரியாதை ஒட்டு, தகப்பன் என்று பிரித்துப் பொருள் தேட வேண்டாம்.

இனி படிவம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். கிவன் நேமில் மாதேஷ், சர்நேமில் திம்மராயன். சர்நேமைக் காலியாக விடவும் அனுமதி உண்டு, ஆனால் விட்டால் வெளிநாட்டில்தான் சிக்கல். அமெரிக்க விசாவில் மாதேஷ் சர்நேமுக்குப் போய்விடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'முதற்பெயர் தெரியாது' என்று விழும். 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவில் நுழைவில்லை என்றது; பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. பான் கார்டு விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கும் இனிஷியல் ஆகாது.

இதில் உங்கள் சர்நேம் நஞ்சப்பன், மகனுடையது திம்மராயன் என்று வேறு வேறாக வரும். பயப்பட வேண்டாம், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் போதும். மனைவியும் இதற்காகப் பெயர் மாற்ற வேண்டியதில்லை.

உண்மையில் கெடுப்பது எழுத்துக்கூட்டல். திம்மராயனை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'டி'யில் தொடங்கி, இன்னோரிடத்தில் 'டி எச்' போட்டிருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் ஆதார், பான், மார்க் ஷீட் மூன்றையும் அருகருகே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மார்க் ஷீட்டுக்கு ஏற்ப ஆதாரை முதலில் திருத்துங்கள், அது சுலபம். நியூமராலஜி பார்த்து மாதேஷுக்குக் கூடுதலாக ஒரு 'எச்' சேர்க்கச் சொல்லும் ஆசாமிகளை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு எழுத்துக்காக அரசிதழ் வரை அலைபவர்கள் இங்கே நிறைய.