வீட்டில் திரித்த சத்துமா என்றால் பயமில்லையா?

கடையில் விற்கும் குழந்தை உணவுகளில் ஆர்சனிக், ஈயம் எல்லாம் இருக்கிறதாமே, வீட்டிலேயே சத்துமா திரித்துக் கொடுத்தால் பயமில்லைத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்து சாப்பாடு தொடங்கும் வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

நாங்கள் இருப்பது முல்லைத்தீவில், புதுக்குடியிருப்புப் பக்கம். மாமி ஆட்டக்காரி அரிசி, பயறு, உழுந்து, குரக்கன் (கேழ்வரகு), கச்சான் (வேர்க்கடலை) எல்லாம் எடுத்து வைத்தார். கச்சான் சொந்தக் காணியில் விளைந்தது. பிடுங்கிப் போட்ட கிழமை பார்த்து மழை. ஒழுங்காகக் காயாமலே சாக்கில் கட்டிவிட்டோம். உடைத்துப் பார்த்தால் சில பருப்புகளில் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம். "வறுத்தா எல்லாம் போயிடும் பிள்ளை" என்றார் மாமி. எனக்கு மனம் வரவில்லை. கிளினிக்குக்குப் போனபோது குடும்பநல மாதுவிடம் கேட்டேன். "அந்தச் சாக்கில ஒரு கொட்டைகூடப் போடாதேங்கோ" என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

வறுத்தால் பூஞ்சணம் சாகும், அது விட்டுவைத்த நஞ்சு சாகாது. அஃப்ளாடொக்சின் என்பது அதன் பெயர். வறுப்பதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கஞ்சி கொதிக்கிற சூடெல்லாம் அதற்கு ஒரு பொருட்டேயில்லை. ஈரலைத்தான் பிடிக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஐரோப்பாவில் குழந்தை உணவு ஒரு கிலோவில் அஃப்ளாடொக்சின் பி1 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு கிராமைக் கோடி பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தோ மணந்தோ அந்த அளவைப் பிடிக்க முடியாது.

சரி, கோழிக்காவது போடுவம் என்றார் மாமி. அதுவும் கூடாது. இந்த நஞ்சையே உலகம் கண்டுபிடித்தது 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபிறகுதான். அவை தின்றது பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு. கதையைச் சொன்னதும் மாமி சாக்கைத் தானே கொண்டுபோய் வளவின் மூலையில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டார்.

சோளமும் கச்சான் மாதிரித்தான். 2022இல் திரிபோஷாவில், அதுதான் அரசாங்கம் கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவில், அஃப்ளாடொக்சின் கூடிவிட்டது என்று சர்ச்சை வந்ததே, அது சோளத்தால் வந்த வினை. ஆகவே தொழிற்சாலையா வீடா என்பதைவிடத் தானியம் எப்படி விளைந்தது, எப்படிக் காய்ந்தது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்ட ஆர்சனிக்கும் அப்படியே. 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற உபகுழு ஒன்று பெரிய கம்பனிகளின் குழந்தை உணவுகளில் ஆர்சனிக், ஈயம், கட்மியம், பாதரசம் இருக்கிறது என்று அறிக்கை விட்டது. அதைத்தான் நீங்கள் வாசித்திருப்பீர்கள். அரிசி மாவுதான் அதில் முக்கியமான குற்றவாளி. யாரும் அதற்குள் ஆர்சனிக்கைக் கொட்டவில்லை. நெல்லு தண்ணீருக்குள் நிற்கிற பயிர். தண்ணீர் கட்டிய வயலில் காற்று போகாததால் மண்ணில் இரும்போடு ஒட்டிக்கிடக்கும் ஆர்சனிக் கரைந்து வேருக்குப் போகிறது. எந்த நாட்டு வயலிலும் இதுதான் நடக்கும், மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். தவிட்டோடு இருக்கும் அரிசியில் இன்னும் கூட. எங்கள் சிவப்பரிசிப் பெருமைக்கு இது கொஞ்சம் அடிதான்!

நிறையத் தண்ணீர் விட்டு அவித்து வடித்தால் ஆர்சனிக்கில் கிட்டத்தட்டப் பாதி கஞ்சித் தண்ணீரோடு போய்விடும். சத்திலும் கொஞ்சம் போகும். ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? சோற்றைப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டு, வடித்த தண்ணீரைக் குழந்தைக்குப் பருக்குகிறோம். அரிசியைக் கைவிடச் சொல்லவில்லை. நான் ஒருநாள் சோறு, ஒருநாள் குரக்கன், ஒருநாள் பயறு, இடையில் பூசணி, முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டு சின்ன விஷயங்கள். வன்னித் தேன் எவ்வளவு நல்ல தேன் என்றாலும் ஒரு வயது முடியும்வரை நாக்கில்கூடத் தடவ வேண்டாம். பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்து அதில் இருக்கலாம், சும்மா காய்ச்சினால் அது சாகாது. அப்புறம், வவுனியாப் பக்கம் என்றால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். புளோரைட் கூடிய தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட் அப்படியே இருக்கும்.

ஈயத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அது எங்கள் குசினிக்குள்ளேயே இருந்தது. என் வீட்டுக்காரர் நந்திக்கடல் களப்பில் இறாலுக்கு வலை வீசப் போகிறவர். வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது அடுப்படியில்தான், பழைய பற்றரி ஈயத்தை ஒரு சட்டியில் போட்டு உருக்கி. அதே அடுப்பில் பிள்ளைக்குக் கஞ்சி. பிள்ளை தவழ்வதும் அந்த நிலத்தில்தான். இத்தனை நாளும் கடைப் பெட்டியின் பின்பக்கத்தை நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்! வாய்க்குள் போகிற ஈயத்தில் பெரியவர்களின் உடம்பு எடுப்பதைவிட நாலைந்து மடங்கு சின்னப்பிள்ளையின் உடம்பு எடுத்துக்கொள்ளும். இவ்வளவு பரவாயில்லை என்று ஒரு அளவும் கிடையாது, மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தொடும்.

இவருக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் சண்டை. இப்போது உருக்குவது மீன்பிடி வாடியில் (கொட்டிலில்). வந்தால் உடுப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார். சட்டியும் வாடியோடு போய்விட்டது.