கென்யச் சோமாலிகள்: குலத்தைக் கேட்பது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைரோபியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் சோமாலி நண்பருக்குக் கரிசா சொந்த ஊர். விடுமுறை முடிந்து அங்கிருந்து பஸ் ஏறும்போது, "கென்யாவுக்குக் கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்கிறார். கரிசாவும் கென்யாதானே? இவர்களுக்கு நாட்டைவிடக் குலம்தான் பெரிது என்கிறார்கள் மற்றவர்கள். குலப்பேச்சை விட்டு எல்லோருடனும் கலந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

கே., நைரோபி

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் மட்டுமல்ல, கென்யாவின் வடகிழக்கில் உள்ள கரிசா, வஜீர், மண்டேரா மூன்று கவுண்டிகளிலும் (மாவட்டங்கள்) அப்படித்தான் சொல்வார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் அந்தப் பகுதி மூடிய மாவட்டம். உள்ளே வரவும் வெளியே போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். 1962இல் பிரிட்டன் அனுப்பிய ஆணையம் மக்களிடம் கேட்டபோது, சோமாலிகளில் மிகப் பெரும்பாலோர் சோமாலியாவோடு சேரவே விரும்பினார்கள். ஆனால் நிலம் கென்யாவோடு போனது. 1963 டிசம்பர் 12 சுதந்திரம். அந்த மாதமே வடகிழக்கில் நெருக்கடி நிலை. பிரிவினைப் போர் 1967இல் முடிந்தும், நெருக்கடி நிலைச் சட்டங்கள் 1991 வரை நீடித்தன. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு வேறு சட்டம். அந்தப் பேச்சு பிறந்தது அங்கேதான்.

இனி குலம். கென்யாவில் 18 வயதானால் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் அட்டை நகலையும் காட்டி, கைரேகை பதிந்து அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சோமாலிப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் ஒரு படி இருந்தது. 'வெட்டிங்' (பின்னணிச் சரிபார்ப்பு) என்பார்கள். ஊர்ப் பெரியவர்களும் அரசு அதிகாரிகளும், பல இடங்களில் உளவுத்துறை ஆட்களும், வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் குலம், அதில் எந்தக் கிளை, தாத்தா பெயர் என்ன, உங்கள் பகுதித் தலைவர் யார் என்று கேட்பார்கள். குலப் பெரியவர் "எங்கள் பிள்ளைதான்" என்றால் விண்ணப்பம் நகரும். அவர் வரவில்லை என்றால் அடுத்த அமர்வு வரை காத்திருக்க வேண்டும்.

நைரோபி ஈஸ்ட்லியில் பிறந்து, சுவாஹிலி பேசி வளர்ந்த பெண் இந்தக் குழுவின் முன் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சோமாலி மொழி தடுமாறும், கிளைக்குலம் கேட்டால் விழிப்பாள். நீங்கள் சொல்வதுபோல் நன்றாகக் கலந்தவள்தான் அங்கே மாட்டிக்கொள்வாள். குலத்தைக் குடியுரிமைக்குச் சாட்சியாக்கியது அரசு. பிறகு அவர்களைக் குலப்பித்தர்கள் என்பது அநியாயம்.

1989 நவம்பரில் தொடங்கிய சோதனையில், அடையாள அட்டை வைத்திருந்த சோமாலிகளையும் வரிசையில் நிறுத்தினார்கள். தேறியவர்களுக்கு இளஞ்சிவப்பில் இரண்டாவது அட்டை. வேறு எந்தச் சமூகத்துக்கும் அப்படி ஒன்று கிடையாது. அந்த ஆண்டில் கென்ய முப்படைகளுக்கும் தலைமைத் தளபதியாக இருந்த மகமூத் முகமது ஒரு சோமாலி, 1982 ராணுவப் புரட்சியை அடக்கியவர். நாட்டைக் காக்கும் பொறுப்பே கையில் இருந்தும் அவருடைய சமூகம் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கல், இரட்டைப் பதிவு. 1991இல் தொடங்கிய தடாப் அகதி முகாம்கள் கரிசா கவுண்டியிலேயே இருக்கின்றன. வறட்சியில் ஆடுமாடு செத்த கென்யச் சோமாலிக் குடும்பங்களும் ரேஷனுக்காக அங்கே பதிந்தன; தலைக்கு இவ்வளவு என்று அளந்ததால் பிள்ளைகளையும் பதிந்தார்கள். பிற்பாடு அந்தப் பிள்ளை கைரேகை வைத்ததும், "இவர் அகதி" என்று கணினி காட்டும். விண்ணப்பம் அப்படியே நிற்கும். அகதிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் வரை சொந்த நாட்டில் கணக்கிலேயே இல்லாதவர்தான்: சிம் கார்டு, எம்-பெசா (கைபேசிப் பணச் சேவை), வங்கிக் கணக்கு, ஓட்டு, எதுவும் கிடையாது. பல்லாயிரம் பேர் இப்படி நின்றார்கள். பசிக்கு வாங்கிய மாவுக்கு இது மிகப் பெரிய விலை.

2025 பிப்ரவரியில் அதிபர் ரூடோ வஜீரில் வைத்து வெட்டிங் முறையை நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். தேவையான காரியம். ஆனால் பகுதித் தலைவர் அடையாளம் சொல்ல வேண்டிய இடங்களில் பழைய கேள்விகள் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கு அப்பாலும் இவர்களுக்கு இடம் இல்லை. சோமாலியாக்காரர்கள் இவர்களை 'சிஜூயி' என்று கூப்பிடுவார்கள். சுவாஹிலியில் 'எனக்குத் தெரியாது' என்று பொருள். 2019 கணக்கெடுப்பில் கென்யச் சோமாலிகள் 27.8 லட்சம் பேர், நாட்டின் ஆறாவது பெரிய சமூகம். அவர்கள் போவதற்கு வேறு ஊர் கிடையாது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். சம்பளப் பட்டியலில் பெயர் சேர்க்க மற்றவர்களிடம் அட்டை எண் மட்டும் வாங்கிக்கொண்டு, சோமாலிப் பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழும் கேட்கும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.