களப்பணி முடிந்தது, முதல் சூழலியல் கட்டுரையை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

முன்னுரையிலிருந்து வேண்டாம், அங்கே உட்கார்ந்தால் மூன்று மாதம் போய்விடும். முதலில் வரைபடங்கள், அடுத்து ஆய்வுமுறை.

ஆய்வுமுறையை எழுதும்போதுதான் வடிவமைப்பின் ஓட்டைகள் தெரியும். எரிந்த காடு ஒன்று, எரியாத காடு ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது சதுரங்களில் மரக்கன்றுகளை எண்ணியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். தீயின் விளைவைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது இருபது மாதிரிகள் அல்ல, காட்டுக்கு ஒன்றுதான்; இருபது சதுரங்களும் ஒரே காட்டுக்குள் இருப்பவைதானே. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் 176 கள ஆய்வுகளை அலசியபோது, ஏறத்தாழ 27 விழுக்காட்டில் இதே வகைப் பிழையைக் கண்டார். ஆகவே வெட்கப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "தீ கன்றுகளைக் குறைக்கிறது" என்பதை "இந்த இரண்டு இடங்களிலும் கன்றுகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது" என்று சுருக்குங்கள். என் முதல் கட்டுரை திரும்பி வந்ததும் இப்படி மிகையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தால்தான். நான் மதிப்பீட்டாளரை ஒரு வாரம் திட்டினேன், பிறகு திருத்தினேன்.

ஆசிரியர் பெயர் வரிசையை மட்டும் இப்போதே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் இன்னும் சங்கடம்.