பண்டைய எகிப்து: கல் சுமந்தவர்களின் கூலியும் கோபமும் (கேள்வி பதில்)

வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிரமிடு, தங்கம், சாபம் பற்றியவை. அவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எனக்கு அரசர்களைவிட அவர்களிடம் வேலை பார்த்தவர்கள் மேல்தான் ஈர்ப்பு அதிகம். அந்த மனிதர்களின் வருகைப்பதிவு, கூலிக்கணக்கு, புகார் மனு, உயில் என்று எவ்வளவோ கிடைத்திருக்கின்றன. அதனால் பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சாயும்.

கேள்வி: ஐயா, அடிமைகளைச் சாட்டையால் அடித்து வேலை வாங்கித்தான் பிரமிடு கட்டினார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். உண்மையா?

இல்லை. கெய்ரோவுக்கு அருகே கீசாவில் பெரிய பிரமிடுக்குத் தெற்கே தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரொட்டி சுட்ட கூடங்கள் இருக்கின்றன, குவியல் குவியலாக மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் இருக்கின்றன. 1990-இல் அதன் அருகிலேயே தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. சில எலும்புக்கூடுகளில் முறிந்த எலும்பு சரியாகக் கூடியிருக்கிறது. யாரோ கட்டுப்போட்டு, ஆறும்வரை சோறு போட்டுக் கவனித்திருக்கிறார்கள். அரசனின் பிரமிடுக்குப் பக்கத்தில் கல்லறை கட்டிக்கொள்ள அடிமைக்கு இடம் கிடைத்திருக்காது.

அதற்காக எல்லோரும் விரும்பி வந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். முறைவைத்து ஊர்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். அரண்மனை கூப்பிட்டால் மறுக்க முடியாது.

2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் (நாணலில் செய்த தாள்) சுருள்களைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை இவை. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது ஏறக்குறைய நாலரை ஆயிரம் வருடத்துக்கு முந்தையவை. அவற்றில் மெரேர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு இருக்கிறது. இன்று தூராவில் கல் ஏற்றினோம், இன்று படகில் கீசா நோக்கிப் புறப்பட்டோம், இரவு இன்ன இடத்தில் தங்கினோம் என்று நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார். பிரமிடின் வெளிப்புறத்துக்கு வேண்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைத் தூராவிலிருந்து நைல் வழியாகக் கொண்டுவரும் வேலை அவருடையது. மேலதிகாரியாக வரும் அன்க்ஹாஃப் மன்னனின் மாற்றாந்தாய் சகோதரர். பெரிய பிரமிடு கட்டும் வேலையில் இருந்த ஒருவரே எழுதிய பதிவு நம் கைக்கு வந்திருக்கிறதே! எனக்கு மன்னன் துத்தன்காமனின் தங்க முகமூடியைவிட இது பெரிது.

கேள்வி: அவ்வளவு பெரிய கல்லை எந்திரமில்லாமல் எப்படி நகர்த்தினார்கள்? வேற்றுக்கிரகவாசிகள் என்கிறார்களே, அண்ணா?

வேற்றுக்கிரகவாசிகள் இல்லை, தம்பி. மரச்சறுக்கு வண்டி, கயிறு, ஆள்பலம், தண்ணீர். ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறையில் சுமார் கி.மு. 1900-இல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. பிரம்மாண்டமான சிலையைச் சறுக்கு வண்டியில் கட்டி வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். வண்டியின் முனையில் ஒருவர் நின்று தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். அதை ஏதோ சடங்கு என்று பலர் நினைத்திருந்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மணலைச் சரியான அளவு ஈரமாக்கினால் இழுக்க வேண்டிய விசை பாதியாகக் குறைகிறது. ஈரம் கூடினாலும் குறைந்தாலும் பலன் இல்லை. அந்தப் பக்குவம் தெரிந்தவர் வண்டியின் முனையில் நின்றிருக்கிறார்.

கேள்வி: கூலி என்ன கொடுத்தார்கள்? அந்தக் காலத்தில் காசு உண்டா?

காசு கிடையாது. தானியமாக அளந்தார்கள். இதில் நமக்கு நன்றாகத் தெரிந்தது தேர் எல்-மெதினா என்ற ஊர். பிரமிடு காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தியது. லக்சருக்கு எதிர்க்கரையில், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கைவினைஞர்களுக்காகவே அமைத்த குடியிருப்பு. ஒரு தொழிலாளிக்கு மாதம் சுமார் 300 லிட்டர் கோதுமையும் 115 லிட்டர் பார்லியும் கிடைத்தன. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மேஸ்திரிக்குக் கூடுதல். மீன், காய்கறி, விறகு, தண்ணீர் எல்லாம் தனியாக வரும்.

அவர்கள் தினசரிக் கணக்கைச் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படியொரு கல் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆண்டு வருகைப்பதிவு. வலது ஓரத்தில் பெயர், அடுத்து வராத தேதிகள், அவற்றுக்கு மேலே சிவப்பு மையில் காரணம். ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. இன்னொருவருக்குக் கண்நோய். ஒருவர் பீர் காய்ச்சப் போயிருக்கிறார். இன்னொருவர் இறந்துபோன தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். மூவாயிரத்து இருநூறு வருடம் கழித்தும் படிக்க முடிகிறது.

அந்த ஊர்க்காரர்கள்தான் வரலாற்றில் நமக்குத் தெரிந்த முதல் வேலைநிறுத்தத்தையும் செய்தார்கள். மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டு, சுமார் கி.மு. 1157. கூலியாக வர வேண்டிய தானியப் படி வந்து சேரவில்லை. மாதத்தில் 18 நாள் போய்விட்டது, பசிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கருவியைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிப் போய் ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள். அவர்கள் மசியவில்லை. அடுத்து ராம்செஸ்ஸியம் கோயிலுக்கே போனார்கள். தானியக் கிடங்குகள் அங்கேதான் இருந்தன. பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கும் அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றார்கள். சொன்னதை எழுத்தர் அப்படியே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முந்தைய மாதப் பாக்கி வந்தது. அப்புறம் மறுபடி தாமதம், மறுபடி வேலைநிறுத்தம். கோயில்களும் கருவூலமும் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அரசன் தன் போர்வெற்றிகளைச் சுவர் சுவராகச் செதுக்கியிருக்கிறான். நாட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள நான் இந்த ஒரு பாப்பிரஸைத்தான் நம்புவேன்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தொழிலாளர்கள் வசதியாகத்தான் இருந்தார்கள் போலிருக்கிறதே, சார்?

தேர் எல்-மெதினாவில் இருந்தவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள். பலருக்கு எழுத்துத் தெரியும். அவர்களை வைத்து எகிப்து முழுவதையும் எடைபோடக் கூடாது. அமர்னாவைப் பாருங்கள். ஆதென் என்ற சூரியத் தெய்வத்தை மட்டும் வணங்க வேண்டும் என்று கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அகெநாதென் மன்னன் பாலைவன விளிம்பில் அவசர அவசரமாக எழுப்பிய தலைநகரம் அது. கோயில் சுவர்களில் எங்கும் உணவு குவிந்து கிடக்கிறது. ஆனால் சாதாரண மக்களின் இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்தது வேறு. சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய எலும்புகள், பாரம் தூக்கிச் சேதமான முதுகெலும்புகள். இறந்தவர்களில் இளவயதினர் மிக அதிகம். அந்த அழகான நகரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பெண்களுக்குச் சொத்துரிமை இருந்ததா, ஐயா?

இருந்தது, அம்மா. அவர்களே சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், உயில் எழுதலாம். அதே தேர் எல்-மெதினாவில் நவுநக்தே என்ற பெண் ஐந்தாம் ராம்செஸ் காலத்தில் சாட்சிகள் முன்னால் சொன்ன உயில் கிடைத்திருக்கிறது. நான் சுதந்திரமான பெண், எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன், குடும்பம் வைக்கத் தேவையானதைக் கொடுத்தேன், இன்று கிழவியாகிவிட்டேன், சிலர் என்னைக் கவனிக்கவில்லை என்கிறார். கவனித்தவர்களுக்கு மட்டும் தன் சொத்து. நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு மகனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம். கவனிக்காதவர்களுக்குத் தகப்பன் வழிப் பங்கு உண்டு, தன்னுடையது கிடையாது என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்.

கேள்வி: துத்தன்காமன் கல்லறையைத் திறந்தவர்களைச் சாபம் கொன்றது என்கிறார்களே?

கிடையாது. 1922 நவம்பரில் கல்லறை கிடைத்தது. தோண்டும் வேலைக்குச் செலவு செய்த கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார். கொசுக்கடி புண்ணாகி, கிருமி பரவி நேர்ந்த மரணம். கல்லறையைத் திறந்து பத்து வருடம் அதிலேயே வேலை செய்த ஹோவார்டு கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார்.

கேள்வி: கிளியோபாட்ரா பிரமிடு காலத்தவரா?

இல்லவே இல்லை. அவர் இறந்தது கி.மு. 30. பெரிய பிரமிடு அதற்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் முந்தியது. காலக்கணக்கில் அவர் பிரமிடுக்கு இருப்பதைவிட நமக்கு அருகில் இருக்கிறார். பரம்பரையும் மாசிடோனியக் கிரேக்கம்.

கேள்வி: பாரோக்களுடன் தமிழர்கள் வணிகம் செய்தார்களா?

ஆதாரத்தோடு சொல்ல முடிவது பாரோக்களுக்கு, அதாவது பண்டைய எகிப்திய அரசர்களுக்குப் பிறகு, எகிப்து ரோமாபுரியின் கீழ் வந்த காலத்தைத்தான். செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் தமிழ்-பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. இன்னும் தெற்கே பெரெனிகேயில் ஒரு கோயிலில், இந்தியப் பெருஞ்சாடிக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே இருந்தது. இரண்டும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இதுவே நமக்குப் பெருமைதான். பிரமிடுவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

கேள்வி: கடைசியாக ஒன்று. அந்தத் தங்கமெல்லாம் எங்கே போனது? ஆங்கிலேயர்களா எடுத்துக்கொண்டு போனார்கள்?

ஐரோப்பியர்கள் நிறையக் கொண்டுபோனார்கள், அது உண்மை. ஆனால் அரசர்களின் தங்கத்தில் பெரும்பகுதி அதற்கு மூவாயிரம் வருடம் முன்பே போய்விட்டது. ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில், சுமார் கி.மு. 1110-இல் நடந்த விசாரணைப் பதிவு இருக்கிறது. அமுன்பநெஃபெர் என்ற கல்தச்சர் வாக்குமூலம் கொடுக்கிறார். கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் மன்னனின் கல்லறைக்குள் துளைபோட்டு நுழைந்து, மம்மியில் இருந்த தங்கத்தைக் கழற்றி, பெட்டிகளுக்குத் தீ வைத்து, எட்டுப் பேர் 160 தெபென் தங்கத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இன்றைய கணக்கில் பதினான்கரை கிலோ. பிடிபட்டதும் தன் பங்கை எழுத்தருக்கு லஞ்சமாகக் கொடுத்து வெளியே வந்திருக்கிறார். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து ஈடுகட்டிக் கொடுக்க, மறுபடி அதே தொழில். கல்லறையைக் குடையத் தெரிந்தவர்களுக்கே படி ஒழுங்காக வராத காலத்தில் இது நடந்தது என்பதை மறக்க முடியவில்லை.

திருட்டு மிஞ்சியதும் பூசாரிகள் பல அரசர்களின் உடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, புதுத் துணி சுற்றி, தேர் எல்-பஹ்ரி அருகே மலையில் ஒரே இடத்தில் ஒளித்துவைத்தார்கள். 1881-இல் தொல்லியல் துறை அந்த இடத்தை அடைந்தது. இரண்டாம் ராம்செஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளைக் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கெய்ரோ போகிறவர்கள் அங்கே பார்க்கலாம். முடிந்தால் லக்சருக்கும் போய் தேர் எல்-மெதினாவில் அரைநாள் நில்லுங்கள். வீடுகளின் அடிச்சுவர்கள் வரிசையாக இருக்கின்றன. சென்னெஜெம் என்ற தொழிலாளி தனக்கும் குடும்பத்துக்கும் அமைத்த கல்லறைக்குள் இறங்கினால், அவரும் மனைவியும் உழுவதும் அறுப்பதும் வண்ணம் மங்காமல் இருக்கின்றன.