முகம் கடைசியில் வரட்டும்

வணக்கம். திருப்பூரில் அனிமேஷன் படிக்கிறேன். இறுதியாண்டுக் குறும்படத்துக்காக ஒரு பாட்டி கதாபாத்திரம் வரைந்திருக்கிறேன். சிரிப்பு, கோபம், பயம், அழுகை எனப் பன்னிரண்டு முகபாவங்கள் கொண்ட எக்ஸ்பிரஷன் ஷீட்டை இணைத்துள்ளேன். பார்த்தவர்கள் எல்லாரும் ‘உயிர் இல்லை’ என்கிறார்கள். கண்ணைப் பெரிதாக்கினால் சரியாகுமா? எந்த மென்பொருளில் பாவனை நன்றாக வரும்? ஜப்பானியப் பாணிக்கு மாறிவிடலாமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

மென்பொருள் எதுவானாலும் சரி. ஜப்பானிலும் ஆளுக்கொரு விதமாகத்தான் வரைகிறார்கள். அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் ஷீட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு படம், பன்னிரண்டும் கழுத்தோடு நின்றுவிட்டன. பாட்டிக்கு உடம்பே இல்லையா? இப்போது எந்த மாணவரின் வேலையைத் திறந்தாலும் இதேதான்: புருவம் ஏறுகிறது, வாய் கோணுகிறது, தோள் மட்டும் அசையாமல் கிடக்கிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

டிஸ்னி ஸ்டுடியோவில் பழைய காலத்தில் புதியவர்களுக்கு ஒரு பயிற்சி இருந்தது. பாதி நிரம்பிய மாவு மூட்டை. கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. அதை வெட்கப்பட வைக்க வேண்டும், திமிரோடு நிமிர வைக்க வேண்டும், துவண்டு விழ வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மாவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூட்டை எம்பினால் நடுப்பகுதி ஒடுங்கும், குந்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். கனம் எங்கே இறங்குகிறது என்று யோசிக்காமல் ஒரு கோடு போட முடியாது. வாயை வளைத்துவிட்டுத் தப்பிக்கிற வழி அங்கே அடைபட்டிருக்கிறது. 1992இல் வந்த ‘அலாதீன்’ படத்தின் மந்திரக் கம்பளத்துக்கும் முகம் இல்லை. நான்கு மூலைக் குஞ்சங்களையே கைகால்களாக்கி, ராண்டி கார்ட்ரைட் அதை வெட்கப்படவும் கோபித்துக்கொண்டு நடக்கவும் வைத்தார். மாவு மூட்டையைப் பத்து நாள் வரையுங்கள். சலித்தாலும் வரையுங்கள்.

பில் டைட்லா என்ற அனிமேட்டரைத் தேடிப் படியுங்கள். 1940இல் ‘ஃபேன்டேசியா’வில் மலையுச்சியில் சிறகு விரிக்கும் அந்தப் பேய்த் தலைவனை வரைந்தவர். அடுத்த ஆண்டே ‘டம்போ’வில் குட்டி யானையை வரைந்தார். அந்தக் குட்டி படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. யானையைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, பாவனைகளில் பெரும்பாலானவை தன் மகனிடமிருந்து வந்தவை என்று அவரே சொன்னார். தாய் யானையைச் சங்கிலி போட்டு வண்டியில் அடைத்திருப்பார்கள். தும்பிக்கை மட்டும் கம்பி வழியாக வெளியே வந்து, தடவித் தேடி, குட்டியை அள்ளித் தாலாட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். நீட்டிய ஒரு தும்பிக்கைதான், வேறொன்றுமில்லை.

நீங்கள் யாரைப் பார்த்து வரைந்தீர்கள், க.? இணையத்தில் கிடைத்த ஷீட்டுகளைப் பார்த்துத்தானே? வீட்டில் பாட்டி இல்லையென்றால் தெருவில் இருப்பார்கள்.

என் அப்பத்தாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. முந்தானையை உதறிச் செருகுவாள். யார் மேல் கோபமோ அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பிப்பாள். வழக்கத்தைவிட வேகமாக உரிப்பாள். அந்த முதுகைப் பார்த்தே தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். வாசலில் எங்கள் குரல் கேட்டால் அதே அப்பத்தாவின் கை முதலில் தரையைத் தேடும். எழுந்திருக்க ஊன்ற வேண்டுமே. சந்தோஷம் வந்துவிட்டது, முழங்கால் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியை வரைந்தால் பாட்டி வந்துவிடுவாள். கண் எவ்வளவு பெரிது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்பு சொன்ன பிறகு முகம் வரட்டும்.

உங்கள் கோடு நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். பாட்டி தரையிலிருந்து எழுவது, பஸ் படியில் ஏறுவது, பேரனிடம் சில்லறை இல்லை என்று பொய் சொல்வது. மூன்றையும் தலை இருக்கும் இடத்தில் வெறும் வட்டம் போட்டு வரைந்து, உள்ளே கறுப்பு அடித்து நிழலாக அனுப்புங்கள். எது எந்தப் படம் என்று கீழே எழுத வேண்டாம். நான் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம்.