அந்தத் தங்கம் எத்தனை டச்?

கேள்வி: சர்வதேச கராத்தே சாம்பியன்ஷிப்பில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் 16 பேர் பதக்கம் வாங்கி வந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தங்கம். மாஸ்டர் படத்தோடு உங்களுக்குச் செய்தி அனுப்பினார். ஒரு வரிகூட வரவில்லை. கிரிக்கெட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா?
(ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: செய்தி வந்தது அம்மா. நான்தான் நிறுத்தி வைத்தேன்.

வந்த தாளில் சிறப்பு விருந்தினர்களின் பெயர் பட்டங்களோடு இருந்தது. பயிற்சி மையத்தின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. உங்கள் மகள் கட்டா (தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை) செய்தாளா, குமிதேயில் (நேருக்கு நேர் சண்டை) மோதினாளா, எந்த வயதுப் பிரிவு, எத்தனை கிலோ, எத்தனை பேரை ஜெயித்தாள் என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. போட்டியை எந்தச் சம்மேளனம் நடத்தியது என்றும் இல்லை. போன் செய்து கேட்டோம். ‘இன்டர்நேஷனல் சார், வெளிநாட்டிலிருந்து எல்லாம் வந்திருந்தாங்க’ என்றார் மாஸ்டர். எத்தனை நாடு என்று கேட்டதற்குப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கப் போனால் எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம், என்று கேட்காமல் நீங்கள் வாங்குவீர்களா? மகள் கழுத்தில் விழுந்த பதக்கத்துக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன். ‘சர்வதேச’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பேனரில் அடித்துக்கொள்ளலாம். உலகக் கராத்தே கூட்டமைப்பின் உலக சாம்பியன்ஷிப் 1970-இல் டோக்கியோவில் தொடங்கியது. அங்கே ஒரு நாடு ஒரு பிரிவுக்கு ஒருவரைத்தான் இறக்க முடியும். 2024-இல் இத்தாலியின் வெனிஸில் நடந்த இளையோர் உலக சாம்பியன்ஷிப்பில் ஆகச் சிறிய பிரிவே 14, 15 வயதுக்காரர்களுக்கானது. நீங்கள் சொல்லும் போட்டியிலோ ஒரே பிரிவின் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் சேலத்துக்கே வந்திருக்கின்றன. படத்தில் மூன்று பிள்ளைகளும் ஒரே மையத்தின் சீருடையில் நிற்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. கராத்தேயில் ஒரு பிரிவுக்கு இரண்டு வெண்கலம். ஆக மொத்தம் நான்கு பதக்கம். நான்கே பிள்ளைகள் இறங்கினால் நான்கு பேரும் பதக்கத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள். வயதையும் எடையையும் பெல்ட் நிறத்தையும் வைத்துப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு பிரிவுக்கு நான்கு பேர் தேறுவதே கஷ்டம். போன கோடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டிக்குப் போயிருந்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி சிவப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மேட் ஓரத்தில் காத்திருந்தாள். மதியம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நேராக மேடைக்குத்தான். அவள் பிரிவில் அவள் ஒருத்திதான். பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, ‘நான் யாரோட மோதணும் சார்?’ என்று கேட்டாள். அந்தக் குழந்தைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கும் நுழைவுக் கட்டணம் வாங்கியிருந்தார்கள்.

ஆள் குறைவு என்பது மட்டும் குற்றம் ஆகாது. கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில் மட்டும்தான். அங்கேயும் ஒரு பிரிவுக்குச் சுமார் பத்துப் பேர்தான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் எத்தனையோ தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வந்தவர்கள்.

அந்த ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 7, ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதை போனால் 3. சவூதி அரேபியாவின் தாரெக் ஹமேதி 4-1 என முன்னால் இருந்தார். அப்போது ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மீது ஓர் உதை. மனிதர் மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். கட்டுப்பாட்டை மீறிய அடி என்று நடுவர்கள் ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். கண் விழித்த பிறகுதான் தனக்குத் தங்கம் என்று கஞ்ச்சாதேவுக்குத் தெரியும். அடியை எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்தான் இந்தக் கலையின் பாதி உயிர் இருக்கிறது. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஈரானுக்குத் தங்கம், சவூதிக்கு வெள்ளி என்று இரண்டே வரி. உங்கள் மகளின் தங்கத்துக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நான் கேட்பது இதனால்தான்.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் என்றால், தாண்டிய உயரம் 1.89 மீட்டர் என்று நமக்குத் தெரியும். அதை யாரும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

அப்புறம் சான்றிதழ். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பல பெற்றோர் அதை நம்பித்தான் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார்கள். எல்லாச் சான்றிதழும் அங்கே செல்லாது. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டும் முன், காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குச் சான்றிதழோடு ஒரு நடை போய்க் கேளுங்கள். பள்ளி அளவில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று போகும் போட்டிகளிலும் கராத்தே உண்டு. மகள் படிக்கும் பள்ளியின் பி.டி. ஆசிரியரிடம் அதையும் விசாரியுங்கள்.

உங்கள் மகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் எழுந்து மார்கழிக் குளிரிலும் வெறுங்காலோடு பயிற்சிக்குப் போகிற பிள்ளை அவள். அந்த உழைப்பு அசல். அதனால்தான் அவளுக்கு யாரோ கில்ட் பூசிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மாஸ்டரிடம் டிரா ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை சுற்று, எதிரே நின்றது யார் யார், எத்தனை புள்ளி என்று அதில் இருக்கும். அதோடு அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சுற்றில் பயந்தாள், எந்தக் குத்து தவறியது, எது சரியாக விழுந்தது என்று எழுதட்டும். அடுத்த போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றாலும் எழுதி அனுப்பட்டும். படத்தோடு போடுகிறேன்.